பூக்கட்டிக் கேட்ட காதல்

வருஷா வருஷம் வகுப்பில் ஒரு பழைய ஆங்கிலச் சிரிப்பு நாடகத்தை நடத்துகிறேன். காதலை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத கதாநாயகி, நேசிப்பது என் பாடு, சேர்த்துவைப்பது விதியின் பாடு என்று அதில் நீளமாகப் பேசுவாள். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விளக்கம் என்னுடையது இல்லை. கோவில்பட்டியில் என்னோடு படித்தவன் சொன்னது.

"சரியான சோம்பேறி. போயி அவங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்று பஸ் ஸ்டாண்டில் நான் எரிந்து விழுந்தேன்.

"ஏட்டி, அவ கெட்டிக்காரி. கையில இல்லாததத்தான் விதிகிட்ட விடுதா. கையில இருக்கத விடலைலா?" என்றான். பாவி, எவ்வளவு அழகாகச் சொன்னான்! அதற்காகவே அவனை இன்னும் பிடித்துப்போனது.

படிப்பு முடிந்ததும் எங்கள் காதலை இரண்டு வீட்டிலும் சொன்னோம். ஒரே சாதிதான். ஆனாலும் மழையை நம்பி உளுந்து விதைக்கிற எங்கள் வீடு அவன் அம்மாவுக்கு இளக்காரம். நேராக மறுத்தால் மகன் முறைத்துக்கொள்வானே!

"அம்மங்கிட்ட பூக்கட்டிக் கேப்போம். செவப்பு வந்தா கலியாணம். வெள்ளை வந்தா அவியவிய வழியப் பாத்துப் போவட்டும்" என்றார்.

அவர்கள் ஊர் அம்மன் கோவிலில் இரண்டு வீட்டாரும் கூடினோம். வாழையிலையில் பூவை வைத்து இரண்டு பொட்டலமும் கட்டிக்கொண்டு வந்தது அவன் அம்மா. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

சாமி உத்தரவுக்குப் பிறகு மற்றப் பொட்டலத்தை யாரும் தொடமாட்டார்கள், மகாபாவம். அம்மா என் கையைப் பிடிப்பதற்குள் எடுத்துப் பிரித்துவிட்டேன். அதிலும் நந்தியாவட்டைதான்.

அவன் அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம் பொங்கியது. அம்மன் இன்னும் பதிலே சொல்லவில்லை, இனி இவன் பேசுவான் என்று நினைத்தேன். இலையை அவன் முன்னால் நீட்டினேன்.

நன்றாகப் பார்த்தான். வாங்கி, பூவை அம்மன் காலடியில் போட்டான். குங்குமம் எடுத்துப் பூசிக்கொண்டான்.

"ஆத்தா சொல்லிட்டா. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்."

விதியாம் விதி! பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வாசலுக்குப் போய், அவன் அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து, அவர் கால் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான்.