கடலைமிட்டாய் கடிக்க முடியாத சார்

என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாருக்கு முறுக்கிய மீசை, கழுத்தில் விசில், சட்டைப் பொத்தானைத் திணறடிக்கும் தொப்பை. இடைவேளையில் யாராவது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், விசில் ஊதிக்கொண்டே வந்துவிடுவாராம். மகள் நடித்தே காட்டுவாள்.

“ஏட்டி, கொண்டா இங்கன. இதுல சத்து இருக்கான்னு பாக்குதேன்.”

ஒரு கை அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்லுவார். “வெறும் உப்பும் எண்ணெயும்தான்” என்பார். சந்தேகம் தீர இன்னொரு கை. அதோடு பாக்கெட் காலி.

கடலைமிட்டாயை நீட்டினால் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். “ஐயோ, எனக்குக் கடவாப்பல்லு வலி. நீயே தின்னு மக்கா.”

பிள்ளைகள் விடுவார்களா? கொஞ்ச நாளில் வகுப்பே கடலைமிட்டாய்க்கு மாறிவிட்டது. “சாரை ஏமாத்திட்டோம்ப்பா” என்று மகளுக்கு ஒரே பெருமை.

போன வாரம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில், திருவேங்கடம் போகிற பஸ்ஸுக்கு நின்ற சாரைப் பார்த்தேன். கடலைமிட்டாயைக் கடக்முடக்கென்று கடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், பல்லு சரியாயிட்டா?” என்றேன்.

அவசரமாக விழுங்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். “பிள்ளையள்ட்ட சொல்லிராதீய அண்ணாச்சி. அதுக திரும்பவும் சிப்ஸுக்குப் போயிருங்க.”

பல்வலி நடிப்பென்று புரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சிப்ஸைக் கண்ணை மூடி அப்படி ரசித்துத் தின்றாரே, அதுவும் நடிப்புதானா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.