மெற்றில்டாவுக்குக் கிடைக்காத சொல்

வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தையற்கடை ஒன்றில் மெற்றில்டா இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறாள். வீடு கொட்டாஞ்சேனையில். கல்யாணம் கட்டவில்லை. அது அவளுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததுமில்லை; யூஜினா இருந்தாள். அதே கடையில் பன்னிரண்டு வருடமாக மெஷினில் இருப்பவள், பதினான்கு வயது இளையவள். போவதும் வருவதும் ஒரே பஸ். யூஜினாவின் மகளுக்கு ஞானஸ்நானச் சட்டையிலிருந்து பள்ளி யூனிபோம் வரை தைத்தது மெற்றில்டாதான்.

போன வருடம் ஸமீமா வேலைக்குச் சேர்ந்தாள். யூஜினாவின் வயது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தியிடம் யூஜினா சொன்னாள்:

“இது ஸமீமா, என்ட கூட்டாளி. இது மெற்றில்டா அக்கா.”

மெற்றில்டாவின் கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றது.

போனில் ஒருதரம் கதைத்தவரையும் ‘பிரெண்ட்’ என்கிற ஊர் இது. ‘சிநேகிதி’ கடிதத்தில் எழுதுகிற சொல். கூட்டாளி என்றால், கேட்காமலே உன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறவள். மெற்றில்டா அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்தப் பெட்டியை இத்தனை வருடம் திறந்தது யார்?

அதன் பிறகு அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு எரிந்தது. ஸமீமாவின் சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் தைக்கும் பட்டன் காஜா நேராக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

யூஜினாவின் மகளுக்கு முதல்நன்மை வந்தது; தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் ஞாயிறு. பகல் சாப்பாடு கொச்சிக்கடையில் ஒரு மண்டபத்தில் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை, லீவில் வீட்டிலிருந்த யூஜினா மெற்றில்டாவுக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, ஹோலில கரண்ட் இல்லயாம். களனியில தங்கச்சி வீட்டுக்கு மாத்திட்டம். ஸமீமாட போன் ரிப்பெயரில. நாளைக்குக் கடையில அவவிட்டச் சொல்லிவிடுங்க.”

“ஓம், சொல்லுறன்” என்றாள் மெற்றில்டா. சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை காலை ஸமீமா ஒரு வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள்.

“யூஜினா தைக்கச் சொன்னா. லேஸ் சரியா இருக்கா அக்கா?”

முதல்நன்மைச் சட்டை. லேஸ் சரியாகவே இருந்தது. மெற்றில்டா தலையாட்டினாள். பின்னேரம் கடை பூட்டும்போது, யூஜினாவிடம் கொடுக்கச் சட்டையைத் தான் வாங்கிக்கொண்டாள்; களனிக்கு மாறியதைச் சொல்லவில்லை.

ஞாயிறன்று களனியில் யூஜினாவுக்குப் பக்கத்துக் கதிரை மெற்றில்டாவுக்குக் கிடைத்தது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யூஜினா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸமீமாவுக்கென்று முஸ்லிம் கடையிலிருந்து தருவித்த புரியாணிப் பார்சல் பிரிக்காமல் ஆறியது. அதைப் பார்த்த மெற்றில்டா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை விஷயம் வெளிவந்தது. பூட்டிய மண்டபத்தின் முன், பரிசுப் பெட்டியோடு ஸமீமா ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கிறாள்.

“அக்கா, நீங்க சொல்லயில்லயா?” என்று யூஜினா கேட்டாள்.

“மறந்திருப்பாங்க. வேலை கூடத்தானே” என்று ஸமீமா முந்திக்கொண்டாள்.

அந்தப் பரிவைத்தான் மெற்றில்டாவால் தாங்க முடியவில்லை.

“மறக்கயில்ல. வேணுமெண்டுதான் சொல்லயில்ல. பன்னிரண்டு வருஷத்தில என்னை ஒருக்காவாவது கூட்டாளி எண்டு சொன்னியா?”

யூஜினா மெஷினை நிறுத்தினாள்.

“சொன்னனான். வந்த முதல் மாசமே, கஸ்டமருக்கு முன்னால. ‘நான் உனக்குக் கூட்டாளியா? வயசுக்கு மூத்தவள், அக்கா எண்டு சொல்லு’ எண்டு ஏசினது ஆர்?”

மெற்றில்டாவுக்கு ஞாபகம் வந்தது. தன் குரல் உட்பட.

இரண்டு கிழமை யூஜினா கதைக்கவில்லை. மெற்றில்டா வேறு பஸ்ஸில் போய்வந்தாள். ஸமீமாவிடம் மன்னிப்புக் கேட்டபோது, “விடுங்க அக்கா” என்றாள் அவள். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

யூஜினா திரும்பக் கதைக்கத் தொடங்கிய நாள் மெற்றில்டா கேட்டாள்: “இனி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேன்.”

யூஜினா முயன்றாள். “மெற்றில்...” என்று தொடங்கிச் சிரித்துவிட்டாள். “வாயில வருதில்ல அக்கா.”

மெற்றில்டாவும் சிரித்தாள். ஆனால் சற்று நேரத்தில் மெஷின் பக்கமிருந்து “கூட்டாளி, அந்த நூலை எடு” என்று யூஜினா ஸமீமாவிடம் சொல்வது காதில் விழுந்தபோது, அவள் தலை நிமிராமல் துணியை அழுத்தி வெட்டினாள்.