செட்டிநாடு என்று எழுத விடாத இறால்

பூனாவில் போபோடி மார்க்கெட்டில் மீன்காரம்மா இறாலைக் கையில் எடுத்ததும் தலையைத் திருகி எறிந்துவிடுகிறார். அந்தத் தலைகளையும் கட்டிக் கொடுங்கள் என்று முதல் தடவை கேட்டபோது, "டோக்கி கஷாலா ரே? மாஞ்சர் பாளலய் கா?" என்று சிரித்தார். தலை எதற்கு, பூனை வளர்க்கிறாயா என்று கேட்கிறார். "ஹோ, மீச் மாஞ்சர்" என்றேன். நான்தான் அந்தப் பூனை. அன்றிலிருந்து அவருக்கு நான் பூனைதான். என் பெயரை இன்னும் கேட்கவில்லை.

தலையும் ஓடும் இல்லாமல் நான் கப்பலில் கற்ற இறால் குழம்பு வராது. நாகப்பட்டினத்தில் எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கப்பலில் பாத்திரம் கழுவப் போனேன். அங்கே சமையல்காரர் ஃபெலிக்ஸ், அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ்காரர், பரம்பரையாக அந்த ஊர்க் கிரியோல் சமையல். இறால் தலைகளை வேகவைத்துச் சாறு எடுப்பார். மாவை எண்ணெயில் போட்டுச் செங்கல் நிறம் வரும்வரை என்னைக் கிளற வைப்பார். கப்பல் ஆடும், எண்ணெய் தெறிக்கும், கரண்டியை விடக்கூடாது. பிறகு வெங்காயம், குடமிளகாய், செலரித் தண்டு, அந்தச் சாறு. இறால் கடைசியில்தான். என் முழங்கையில் மூன்று தழும்புகள் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தது, பூனாவுக்கு வந்தேன்.

இங்கே வேலூர்க்காரர் செல்வம் அண்ணனின் மெஸ்ஸில் சமைக்கிறேன். பூனாவில் நம் சாப்பாடு கிடைக்கிறதா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். கிடைக்கிறது, நான்தான் சமைக்கிறேன். நம் சாப்பாடு எது என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷலுக்குக் கிரியோல் இறால் போட்டேன். மாவு சிவப்பதைப் பார்த்து அண்ணன் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

"இன்னாடா, கருக்கிட்டியே!"

"கருகலண்ணே. இன்னும் சிவக்கணும்."

"கொழம்பு மிஞ்சிப்போச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"சரி" என்று அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். குழம்பு இறங்கியதும் ருசி பார்த்தார். சாக்பீஸ் எடுத்து வாசல் பலகையில் 'செட்டிநாடு இறால்' என்று எழுதினார்.

"செட்டிநாடுன்னாத்தான் போவும்."

"நீங்க காரைக்குடி பாத்திருக்கீங்களாண்ணே?"

"நீ பாத்துக்கீறியா?"

"இல்ல. ஆனா இத எனக்கு யாரு கத்துக் குடுத்தாங்கன்னு தெரியும்."

ஈரக்கையால் அழித்துவிட்டு 'கிரியோல் இறால்' என்று எழுதினேன். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் கீழே இந்தியிலும் எழுதினேன்.

மதியம் போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் மராட்டிக்காரர் ஒருவர் வந்தார். "மால்வணி ஹை க்யா?" கொங்கண் கடற்கரைச் சமையலா என்கிறார். நஹி. "கோவா கா?" நஹி. "ஆப்கே காவ் கா?" என் ஊர்ச் சமையலும் இல்லை. அப்படியானால் ஏன் செய்கிறாய் என்றார். "ஆதா ஹை, இஸ்லியே." செய்யத் தெரியும், செய்கிறேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கட்கியிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம், "காரமே இல்லியே" என்று பாதியை ஒதுக்கியது. அதற்கும் நான் மிளகாய்த்தூளை எடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சட்டியில் ஒரு ஆள் சாப்பாடு மிஞ்சியிருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தார். கிளம்பச் சொல்வார் என்று என் பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். தட்டில் சோற்றைப் போட்டு, மிச்சத்தை வழித்து ஊற்றி, உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார்.

"காலைல சீக்கிரம் வா. மாவு ஆட்டணும்" என்று கை கழுவப் போனார்.

பலகையை உள்ளே எடுத்து வரப் போனேன். காய்ந்த பிறகு, நான் சரியாக அழிக்காத செட்டிநாடு வெளுப்பாகத் தெரிந்தது. அதன்மேல் கிரியோல். காரைக்குடி, நியூ ஆர்லியன்ஸ் இரண்டையும் நான் பார்த்ததில்லை. துடைக்காமல் அப்படியே சுவரில் சாத்தி வைத்தேன்.