கிளையில் சுற்றிய பனியன் துணி

அங்கமுத்து அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டுவதில் நூல் பிசகாது. மற்ற எதைத் தொட்டாலும் அவசரக்குடுக்கை. பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரி, எனக்குத் தெரியாதா?

1967இல் அவர் மனைவி வேலாத்தாள் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டாள். கட்டிலுக்கு எதிரே ஜன்னலோரம் ஒரு ரப்பர் செடித் தொட்டி. பச்சை இலைக்கு வெள்ளை விளிம்பு. அக்காவும் மகள் மருதாளும் குன்னூரிலிருந்து வாங்கிவந்து வளர்த்தது. மருதாள் மடத்துக்குளத்துக்கு வாக்கப்பட்டுப் போன பிறகு, அக்கா படுத்தபடியே அண்ணனை வேலை வாங்குவாள்.

"மண்ணுல வெரலை உட்டுப் பாருங்க. ஈரமிருந்தாத் தண்ணி வேண்டாம்."

இலைத் தூசியை ஈரத்துணியால் நான் துடைத்துவிடுவேன்.

மருதாள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் படுத்துக் கிடப்பவள் எப்படிப் பார்ப்பாள்? மாமியார் வீட்டிலேயே ஆகட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அன்று முழுக்க அக்கா அழுதாள். பிறகு, "எனக்குப் பதிலா இந்தச் செடியில ஒரு பதியனாவது அவ பக்கத்துல இருக்கட்டும்" என்றாள்.

கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, வழியும் பாலைத் துடைத்து, நனைத்த தேங்காய் நாரை வைத்துப் பழைய வேட்டித் துணி சுற்றச் சொன்னாள். மாஸ்டருக்குப் பழைய துணி ஆகுமா? பிளீச்சிங் பட்டறையிலிருந்து வெள்ளைப் பனியன் துண்டைக் கொண்டுவந்து, சலவைக் காரம் போக அலசாமலே சுற்றினார். இரண்டு மாதம் கழித்துத் தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்ப் பிரித்தால் வேரே இல்லை. பட்டை கறுத்து, கிளை சூம்பியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அவகிட்டச் சொல்லீராத அம்மிணி" என்று கும்பிட்டார். வளர்ந்த மனுஷன் அப்படி நின்றதும் சரியென்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் அக்காவிடம், "வேர் உட்டுருச்சு புள்ள" என்று புளுகினார்.

மருதாளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அக்கா சொன்னாள்: "ஏனுங்க, நாளெல்லாம் இதையே பாத்துட்டுக் கெடக்கறவளுக்கு எலை வாடறது தெரியாதுங்களா? தொட்டியவே கொண்டு போய்க் குடுத்துருங்க."

அண்ணன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் மாலை தொட்டியோடு திரும்பினார். பின்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருதாள். அம்மா தன்னிடம் இருந்த ஒரே செடியையும் கொடுத்தனுப்பிவிட்டாள் என்று தெரிந்ததும், மாமியாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம்.

"ஏங்கண்ணு வந்தே? என்னால எந்திரிச்சு ஒரு சுடுதண்ணிகூட வெச்சுத் தர முடியாதே!" என்று அக்கா கதறினாள்.

மருதாள் கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுடுதண்ணி ஆரு வேணாலும் வெப்பாங்கம்மா. வலியில நான் அம்மான்னு கத்தறப்ப, நீதான் பக்கத்துல இருக்கோணும்."