களிம்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை பல்பு ஹோல்டர் கிடக்கிறது. அண்ணன் மனைவி, என் மைனி, கடைசியாகத் துலக்கியது அதைத்தான். பாதி பளபளப்பாகவும் பாதி பச்சையாகவும் என் கைக்கு வந்தது.

நாகர்கோவிலுக்கு மின்விளக்கு வந்த புதிது. நான் பள்ளிக்கூட வாத்திச்சி, அண்ணன் வீட்டில் இருந்தேன். கொழும்பிலிருந்து அண்ணன் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியும் சிவப்பு மீன்களும் கொண்டுவந்தார். அதன் மேல் ஒரு விளக்கைத் தொங்கவிட்டார். எங்கள் தெருவில் கரண்டு சாயங்காலம் வந்து விடியுமுன் போய்விடும். "பெறவு தனி சுவிட்ச் எதுக்கு?" என்றார். பொழுது சாயும்போது அது தானாகவே எரிவதைக் காணத் தெருவே வரும். மெயின் சுவிட்சைப் பெட்டிக்குள் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார். பிள்ளைகள் தொட்டுவிடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்பதால், சனிக்கிழமை பகலிலேயே வீட்டு விளக்கெல்லாம் புளி போட்டுத் துலக்குவது எங்கள் வழக்கம். மைனிக்கு இதுவும் ஒரு விளக்குதான். தண்ணீரின் ஈரத்தில் ஹோல்டர் பச்சை பிடித்துவிடும். "ஏட்டி, இந்தக் களிம்பு தண்ணியில விழுந்தா மீனெல்லாம் செத்துப்போவும்" என்பாள். பித்தளைப் பாத்திரத்திலிருந்து புளிக்குழம்பில் களிம்பு இறங்கினால் என்ன ஆகும் என்று அறிந்தவள் அவள். பல்பைக் கழற்றித் துணியில் பொதிந்து வைத்துவிட்டுத்தான் துலக்குவாள், அவ்வளவு கவனம்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்கு யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று பகலிலேயே கரண்டு விட்டிருக்கிறார்கள். எங்களுக்கு யார் சொல்ல? நான் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கூடத்து விளக்கு திடீரென்று எரிந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "மைனி, வெளக்கு வந்திட்டு" என்றேன். திரும்பினேன். ஒரு கை ஹோல்டரில், மறு கை தொட்டியின் இரும்புச் சட்டத்தில். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பி இழுக்க வந்தவன் அன்றைக்கே சொல்லியிருந்தான்: "கரண்டு பிடிச்சவங்கள யாரும் தொடப்பிடாது." தொடாமல் என்ன செய்வது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சாவி அண்ணனோடு கோட்டாற்றுக் கடையில் இருந்தது. நான் கத்தினேன். வந்தவர்களும் நின்று கத்தினார்கள். மூலையில் உலர்ந்த உலக்கை சாத்தியிருந்தது. அதைக்கொண்டு அவள் கையைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று பின்னால் ஒருவர் சொன்னார். பின்னால் சொல்ல எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளாகவே விழுந்தபோது மூச்சு இல்லை.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் அவற்றைக் கிணற்றில் விட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்.

இப்போது அண்ணன் மகன் வீட்டிலும் மீன்தொட்டி இருக்கிறது, மேலே விளக்கும் இருக்கிறது. "அத்தே, தனி சுவிட்ச் உண்டு, பயப்படாதேங்க" என்கிறான். அவன் தண்ணீரில் கை விடும்போது நான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

ஹோல்டர் இப்போது முழுக்கப் பச்சையாகிவிட்டது. கொஞ்சம் புளி போட்டால் போய்விடும். என்னால் முடியவில்லை.