பூச்சி சொன்ன மடிப்பு

லிப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷனுக்குப் பெண்கள் போடும் கவுன் தைப்பதில் என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. அவருடைய மச்சினி கேட்டாள். கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். மாடி வீட்டுக்காரர் படியில் வழி மறித்துக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவர் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் வியாபாரம் கெட்டுவிடுமே!

உண்மையில் லிப்ட்காரருக்கே அதற்குச் சரியான பதில் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் வாங்கப்போன ஒரு ஞாயிறன்று அவர் ஸ்க்ரூடிரைவர் வாங்காமல், பழுப்பேறிய காகித உறைகள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு உறையின் மேலும் இடுப்பு என்ற ஒன்றே இல்லாத பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றார்கள். உள்ளே வெங்காயச் சருகைப் போல மெல்லிய காகிதத்தில் முதுகுக்கு ஒரு துண்டு, கைக்கு ஒன்று, காலருக்கு ஒன்று என்று வெட்டி மடித்து வைத்திருந்தது. துணிமேல் விரித்து, குண்டூசி குத்தி, அதே அளவில் வெட்டித் தைத்தால் படத்தில் இருக்கிற உடுப்பு வந்துவிடும். பேட்டர்ன் என்று அதற்குப் பெயர். லிப்ட்காரர் பிறப்பதற்கு முன்பே அச்சானவை அவை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க இயந்திர வரைபடம் பார்த்துப் பிழைக்கிறவர் அவர். வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பது அவருடைய வேதம். "எவனோ ஒருத்தன் உக்காந்து ஒரு உடம்பையே கணக்காப் போட்டு வெச்சிருக்கான், பாரு!" என்று மனைவியிடம் காட்டினார்.

"ஸ்க்ரூடிரைவர் எங்கங்க?" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை சாப்பாட்டுக்கு இல்லாமல் போயிற்று. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட எல்லோரும் பழகிக்கொண்டார்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் குண்டூசிக்குப் பயந்து தரையைப் பார்த்தே நடந்தார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மனுஷன் கண்ணும் கருத்துமாகக் கற்றுக்கொண்டார். அவர் வைக்கிற காலர் விறைப்பாக நிற்கும். ஓரம் அடித்த தையல் வெளியே தெரியாது. மச்சினிக்கு ஒரு கோட்டு, மாடி வீட்டுக் குழந்தைக்கு ஒரு பாவாடை, சந்தைக்காரரின் பெண்ணுக்கு ஒரு கவுன் என்று வரிசையாகத் தைத்துத் தள்ளினார். போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

மனைவி மட்டும் போட மாட்டாள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சொல்லவேண்டும். லிப்ட்காரர் முதன்முதலாகத் தைத்தது அவளுக்குத்தான். உறைமேல் போட்டிருந்த அளவு எண்ணும் அவள் கடையில் வாங்கும் அளவு எண்ணும் ஒன்றாக இருந்ததால், அப்படியே வெட்டிவிட்டார். அந்தக் காலத்து எண்ணுக்கும் இந்தக் காலத்து எண்ணுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பழைய எண்ணில் உடுப்பு இரண்டு சுற்று சின்னதாக வரும் என்பது அவருக்கு யார் சொல்வார்கள்? "கொஞ்சம் பிடிக்குதேங்க" என்றாள் மனைவி. "போடப் போட இளகிடும்" என்றார் அவர். ஆசையாகத் தைத்திருக்கிறாரே என்று அவளும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்றாவது நடைமேடைக்கு வரும் ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது காகிதம் ஒன்று கீழே விழுந்தது. மைக்கை அணைக்காமல் குனிந்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகுத் தையல் சர்ரென்று விட்டுக்கொண்ட சத்தம் எல்லா நடைமேடையிலும் கேட்டது. மேலே போகிற மின்கம்பிதான் அறுந்தது என்று சிலர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்களாம். அவளுடைய மானம் ஒலிபெருக்கி வழியாகக் கப்பலேறியது. அன்று சாயங்காலம் நிலைய மேலாளரின் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அவள் சண்டை போடவில்லை. "இனிமே நீங்க தைச்சதை நான் போட மாட்டேங்க" என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொன்னதை என்ன செய்வது? லிப்ட்காரர் அதை மனசில் வைத்து மருகினார். ஊரெல்லாம் புகழ்ந்து என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள் அவர் தைத்ததைப் போட்டுக்கொள்வது. அந்த ஆள் தினமும் கடையில் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கண்ணெதிரிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போது ரயில் நிலையத்துக்கு ஆண்டு விழா வந்தது. மேடையில் நின்று நிகழ்ச்சியை நடத்தித் தரவேண்டியவள் மனைவி. குரலை மட்டுமே கேட்டவர்கள் ஆளைப் பார்க்கப்போகிறார்கள். இதைவிட நல்ல சமயம் வராது என்று லிப்ட்காரர் கருநீலத்தில் நல்ல துணியாக வாங்கினார். பெட்டியின் அடியில் இருந்த மிகப் பழைய உறையை எடுத்தார்.

அது மிகப் பழசு என்பதால் காகிதத்தில் கோடும் கிடையாது, எழுத்தும் கிடையாது. வெறும் ஓட்டைகள்தான். பெரிய ஓட்டைக்கு ஒரு அர்த்தம், சின்ன ஓட்டைக்கு ஒரு அர்த்தம். எங்கே மடிக்கவேண்டும், எங்கே சேர்க்கவேண்டும் என்பதை ஓட்டையை வைத்தே தெரிந்துகொள்ளவேண்டும். விளக்கத் தாளில் பாதி கிழிந்து போயிருந்தது. லிப்ட்காரர் அசரவில்லை. இந்த முறை எண்ணை நம்பாமல், அக்காவும் தங்கையும் ஒரே வார்ப்பு என்பதால் மச்சினியை நிற்கவைத்து அளவெடுத்தார். மனைவியிடம் டேப்போடு போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

முதுகுத் துண்டில், தோளிலிருந்து கீழே இறங்கி வரிசையாகச் சில ஓட்டைகள் இருந்தன. நிச்சயம் மடிப்புக்குத்தான் என்று முடிவு செய்தார். மடித்தால் அகலம் குறைகிறதே என்று பார்த்தார். வரைந்தவர் சொல்ல மறந்திருப்பார் என்று அவருக்காகப் பரிந்துகொண்டு, இவரே காகிதத்தைப் பிளந்து அகலத்தைக் கூட்டி, தோளுக்கு ஒன்றாக இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தார். கைத்துண்டில் முழங்கைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஓட்டை. அங்கே மடிப்பும் பொருந்தவில்லை, சேர்ப்பும் பொருந்தவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு அங்கே ஒரு பொத்தானை வைத்தார்.

மச்சினி போட்டுப் பார்த்தாள். "மாமா, முழங்கையில எதுக்கு மாமா பொத்தான்? இதுல எதை மாட்டணும்?"

"அந்தக் காலத்து நாகரிகம் உனக்கென்ன தெரியும்" என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு சந்தைக்காரர் அவரைத் தூரத்திலிருந்தே கைதட்டிக் கூப்பிட்டார். "சார், நீங்க எடுத்துட்டுப் போன பெட்டியில அடியில ஒரு பழசு இருந்துச்சே, அதே படம் போட்ட உறை இன்னொண்ணு கிடைச்சிருக்கு. பிரிக்கவே இல்ல, அப்படியே இருக்கு!" லிப்ட்காரர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து இரண்டையும் மேஜையில் விரித்தார். புதிதாக வந்த முதுகுத் துண்டில் தோளுக்குக் கீழே ஒரு ஓட்டைகூட இல்லை. கைத்துண்டிலும் இல்லை.

மச்சினி பழைய காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இது அச்சுல போட்ட ஓட்டை இல்ல. ஓரம் எல்லாம் பிசிறு பிசிறா இருக்கு பாருங்க. பூச்சி தின்ன ஓட்டை மாமா! பூச்சி சொன்ன இடத்துல எல்லாம் மடிப்பு வெச்சிருக்கீங்க!"

லிப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தங்கை சொல்லச் சொல்ல அவளும் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொத்தானைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து சிரித்தாள்.

"பூச்சிக்குக்கூட இவ்வளவு மரியாதையாங்க? காகிதத்துல பசிக்கு ரெண்டு கடி கடிச்சிருக்கு. அதைப் பார்த்து என்ன சொல்ல வருதோன்னு உக்காந்து யோசிச்சிருக்கீங்க. கொஞ்சம் பிடிக்குதுன்னு அன்னிக்கு நான் வாயைத் திறந்து சொன்னேன். அதைக் கேட்டீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் லிப்ட்காரருக்குச் சுருக்கென்று பட்டது. உறைமேல் இருந்த எண்ணை நம்பினார், ஓட்டையை நம்பினார், மச்சினியின் தோளை நம்பினார். இத்தனை வருஷம் கூடவே இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான்" என்றார். "இப்ப கேக்கறேன். அளவெடுத்துக்கட்டுமா?"

மனைவி தங்கையைப் பார்த்தாள், கவுனைப் பார்த்தாள். "எடுத்துக்கோங்க. ஆனா போடுவேன்னு சொல்லல" என்று கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

அவர் டேப்பை எடுத்தார். முன்பக்கத்தைவிட முதுகு அகலமாக இருந்தது. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. டேப்பைப் பிடித்தபடி, ஏன் இப்படி என்று கேட்டார். "நாள் முழுக்க மைக்குப் பக்கம் சாஞ்சுக்கிட்டே இருந்தா வேற எப்படி இருக்கும்? கடைச் சட்டை எல்லாம் சாயங்காலத்துக்குள்ள முதுகுல இழுத்துப் பிடிக்கும். உங்ககிட்ட சொன்னதில்லையா?" என்றாள். சொல்லியிருப்பாள். இவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று அவர் கவுனைப் பாதிக்கு மேல் பிரித்தார். பொத்தானை எடுத்தார். வலது தோளை இறக்கினார். இடுப்பைத் தளர்த்தினார். முதுகில் வைத்த இரண்டு மடிப்பையும் பிரிக்கப் போனவர், துணியை அவள் முதுகில் வைத்துப் பிடித்து முன்னால் சாயச் சொல்லிப் பார்த்தார். மடிப்பு இரண்டும் தானாக விரிந்து இடம் கொடுத்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டார். தைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் அவள் துணிகளோடு தொங்கவிட்டார். போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விழா நாளன்று மனைவி கடையில் வாங்கிய பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். பிரமாதமாக நடத்தினாள். லிப்ட்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். வீட்டுக்கு வந்ததும் தலைவலிக்கிறது என்று சீக்கிரம் படுத்துக்கொண்டார். தலைவலி ஒன்றும் இல்லை, அழுகை வந்தது. மறுநாள் பெட்டியோடு எல்லா உறையையும் சந்தைக்காரரிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

அடுத்த வாரம் ரயில் நிலையத்தில் லிப்ட் நின்றுபோய்விட்டது என்று அழைப்பு வந்தது. அன்று நல்ல மழை. நனைந்த குடைகளுக்கு நடுவே கருவிப் பையோடு நடந்தவர், அறிவிப்பு அறையைத் தாண்டும்போது பழக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் மனைவி கருநீலக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். மைக்கை நோக்கிச் சாய்ந்து, தாமதமான ரயில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகு மடிப்பு இரண்டும் விரிந்து கொடுத்திருந்தன.

அவர் கதவைத் தட்டினார். அவள் மைக்கை அணைத்துவிட்டுத் திறந்தாள்.

"காலையில நான் கிளம்பும்போது நீ இதைப் போடலையே" என்றார்.

"நீங்க போனப்புறம்தான் போட்டேன். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள மாத்திடுவேன். ஆரம்பிச்சு நாலு நாளாச்சு."

"அப்ப விழாவுக்கு?"

"அங்க நிக்கறதுக்கு எதைப் போட்டா என்னங்க? ரெண்டு மணி நேரம் சிரிச்சுட்டு வந்துடலாம். இங்கதான் நாள் முழுக்க உக்காரணும். இங்க வந்து நல்லா இருக்குன்னு சொல்ல ஆள் கிடையாது, யார் தைச்சதுன்னு கேக்கவும் ஆள் கிடையாது. எனக்கு சுகமா இருக்கு, அதனால போட்டுக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "முதுகு வலிக்கலங்க."

கண் கலங்கி நின்ற லிப்ட்காரரை மனைவி தோளைத் தொட்டு வெளியே திருப்பிவிட்டாள், அடுத்த ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் லிப்டுக்குள் போய்ப் பலகையைக் கழற்றினார். மேலே ஒலிபெருக்கியில் அவள் குரல் ஒவ்வொரு நடைமேடையாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. வெளியே பெட்டி படுக்கையோடு காத்திருந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் ஆகும் என்று சத்தம் போட்டார்கள். அன்று அந்த லிப்ட் சரியாவதற்கு வழக்கத்தைவிட நிறைய நேரம் பிடித்தது.