சத்திரத்துச் சுவரில் அம்மா

காளவாசல் வீட்டில், சின்ன வயதில் பார்த்த ஒரு கேமுக்குப் புது டெக்ஸ்சர் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதைப் போட்டால் சுவர், புல், மரமெல்லாம் தெளிவாகத் தெரியும். கம்ப்யூட்டர் சூடாகித் தூசி கருகும் வாடை வந்தது. சின்ன வயதில் இருந்த கோச்சடை வீட்டில், அண்ணன் அறையில் எப்போதும் இதே வாடைதான் அடிக்கும்.

அப்போது அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் கேமில் ஒரு சத்திரத்துச் சுவரில் ஏதோ ராணியின் படம் மாட்டியிருக்கும். அண்ணன் கேமின் ஃபைலைத் திறந்து அதை எடுத்துவிட்டு அம்மா போட்டோவை வைத்தான்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர், சாயங்கால ஜெபம் முடிந்ததும் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்.

"அந்தச் சத்திரத்துக்குள்ள போ தம்பி," என்பார். திரையில் சத்திரத்து அடுப்பு வெளிச்சம் அம்மா முகத்தில் ஆடும். அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள், "முகம் மங்கலா இருக்கே," என்றார்.

"சரி பண்ணிருவோம்ப்பா."

அண்ணன் கண்ணையும் உதட்டையும் தானே திருத்தி வரைந்து ஏற்றினான். இமை முடிகூடத் தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார்.

"யாருடா இது?"

எனக்கும் அது யாரோ மாதிரிதான் இருந்தது.

"பழையபடியே மாத்திடுறேன்ப்பா."

"வேணாம் தம்பி. மங்கலா இருந்தப்ப அவதான்னு நெனச்சுக்கிட்டேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். அதற்கப்புறம் அந்த அறைக்கு அவர் வரவில்லை.

இங்கே காளவாசலில் இன்ஸ்டால் முடிந்து கேம் திறந்தது. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அணைத்துவிட்டுச் சோறு வைக்கப் போனேன்.